செவிலி கூற்று



மருத்துவமனையில் நோயாளியைப் பேணுவோருக்குச் 'செவிலியர்' என்று பெயரிட்டவர்கள், அறிந்தோ அறியாமலோ, அகத்திணையிலிருந்து ஒருத்தியை அழைத்து வந்துவிட்டார்கள். அகப்பாடல்களின் செவிலி தலைவியை வளர்த்த தாய். தோழியைப் பெற்றவளும் அவளே என்கிறது தொல்காப்பியம். பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவள் தொழில். வளை நெகிழ்கிறதா, நெற்றி பசந்திருக்கிறதா, மகள் உண்கிறாளா, உறங்குகிறாளா என்று பார்க்கிறாள். உடலின் மாற்றம் அவள் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஆனால் கண்டதற்குப் பொருள் கொள்வதில் தவறிவிடுகிறாள். மெலிவு முருகு அணங்கியதால் வந்தது என்று எண்ணி வேலனை அழைக்கிறார்கள். களம் அமைத்து வெறியாட்டு நடக்கிறது. மறி பலியாகிறது, மெலிவு மட்டும் தீர்வதில்லை. காரணம் அறிந்தவள் தோழி. அவள் வாய் திறக்கும் துறைக்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உரைப்பதாக அது படிப்படியாகச் செல்லும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாக நுழையும் செவிலியின் முதல் சில வாரங்களைப் புரிந்துகொள்ள, இவ்விரு துறைகளைவிடப் பொருத்தமான வழிகாட்டி கிடைப்பது அரிது.

அப்பிரிவின் பிறப்பே ஒரு பொருள்கோள் பிழையைத் திருத்தியதில்தான் நிகழ்ந்தது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுடைய இரத்தத்தில் ஓர் அளவு மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். காரத்தன்மை கூடியதன் அறிகுறி அது என்று கொண்டார்கள். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் அதை மறுத்தார். மூச்சு போதாமையால் உள்ளேயே தங்கிவிட்ட கரியமில வாயுவே அது என்றார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்திக் காட்டினார். ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். மறு ஆண்டு அந்நகரில் இப்சன் தொடங்கிய பிரிவே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. பையை அமுக்கிய கைக்கும் நோயாளியின் முகத்துக்கும் இடையே ஒரு முழத் தொலைவே இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்று அவ்விடத்தில் திரை இருக்கிறது. நான்காண்டுப் பட்டப்படிப்பு முடித்து வரும் பெண்ணுக்கு முதலில் பழகுவது கண்ணன்று, செவி. திரையின் மணி, செயற்கைச் சுவாசக் கருவியின் மணி, மருந்து செலுத்தும் பம்பின் மணி எல்லாம் வெவ்வேறு சுருதியில் ஒலிக்கின்றன. அவற்றுள் பல, மார்பில் ஒட்டிய கம்பி கழன்றதற்காக அடிக்கும் வெற்று மணிகள். எந்த மணிக்கு ஓட வேண்டும், எதற்கு நடந்தால் போதும் என்பதை எந்தப் புத்தகமும் முழுதாகக் கற்பிப்பதில்லை. பெட்ரீஷியா பென்னர் என்னும் அமெரிக்கச் செவிலிய அறிஞர் 1984-இல் வெளியிட்ட நூலில், புதியவர் விதியைப் பற்றிக்கொண்டு நடக்கிறார், தேர்ந்தவர் நிலைமையை முழுதாகக் காண்கிறார் என்று விளக்கினார். விதியைப் பற்றிக்கொள்வதில் குற்றமில்லை. எந்த நோயாளிக்கு எந்த விதி என்பதில்தான் இடர் இருக்கிறது.

எந்த ஊர் மருத்துவமனையிலும் நிகழக்கூடிய ஓர் இரவைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஏழாம் படுக்கையில் முதியவர் ஒருவர். நெடுநாள் புகைத்ததால் நுரையீரல் நலிந்தவர். இத்தகையோர் சிலருக்கு ஆக்ஸிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் கரியமில வாயு உடலில் தேங்கும். பிறருக்கு 95-க்கு மேல் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் அளவு இவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். மருத்துவர் அதைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். வந்து மூன்று வாரமே ஆன செவிலி அதைப் படித்தும் இருக்கிறார். இரவு ஒன்பது மணிக்குப் பார்க்க வந்த மனைவி, "இவர் சாஞ்சு உக்காந்துதாம்மா தூங்குவார். படுத்துத் தூங்கிப் பல வருஷமாச்சு" என்று சொல்லிப் போயிருக்கிறார்.

நள்ளிரவுக்குப் பின் முதியவர் பதறுகிறார்; குழாயைப் பிடுங்குகிறார். திரையில் எண் 89 ஆகிறது. மணி அடிக்கிறது. குறிப்பேட்டின் வரி அந்த நொடியில் மறந்துபோகிறது. புதியவர் முகமூடி பொருத்தி, நிமிடத்துக்கு 2 லிட்டராக இருந்த ஆக்ஸிஜனை 8 லிட்டராக்குகிறார். எண் 98-க்கு உயர்கிறது. மணி நிற்கிறது. சற்று நேரத்தில் முதியவரும் அடங்குகிறார். படுக்கையில் சரிந்து, அசையாமல் கிடக்கிறார். ஒன்றரை மணிக்குச் செவிலி குறிப்பேட்டில் 'ஸ்லீப்பிங்' என்று எழுதுகிறார்.

நம் மருத்துவமனைகளின் குறிப்பேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. துயில், உறக்கம், அயர்வு, சோர்வு, கிறக்கம், மயக்கம் என்று தமிழ் பிரித்துப் பிரித்து வைத்திருக்கும் நிலைகள் எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. (ஆங்கிலத்திலும் சொற்கள் இல்லாமல் இல்லை, இரவு ஒன்றரை மணிக்கு அவை நினைவுக்கு வருவதில்லை.) நினைவுநிலையை அளக்க 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் ஆகிய இருவர் ஓர் அளவுகோல் தந்தார்கள். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக 15. குறைந்த மதிப்பு 3. உயிரற்ற உடலுக்கும் அது கிடைத்துவிடும். அதை அளக்க வேண்டுமானால் உறங்குபவரை எழுப்பியாக வேண்டும். அடங்கியவரை எழுப்ப யாருக்கு மனம் வரும்?

மூத்த செவிலி சுற்றி வருகிறார். "ஏம்மா, தூங்குறார்னு எழுதியிருக்கியே, எழுப்பிப் பாத்தியா?" தோளைக் குலுக்குகிறார், கண் திறக்கவில்லை. அழுத்தி வலி தந்தபோதுதான் இமை அசைகிறது, முனகல் கேட்கிறது. மார்பின் மேல் கைவைத்து மூச்சை எண்ணுகிறார்: நிமிடத்துக்கு 8. திரை 98 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆக்ஸிஜனைத்தான் தெரியும். கரியமில வாயுவைத் தெரியாது. வெறியாட்டுக் களத்தில் வேலன் உரைத்ததும் இப்படி ஐயமற்ற குரலில்தான் இருந்திருக்கும்.

மூத்தவர் ஆக்ஸிஜனை ஒரேயடியாக நிறுத்தாமல் குறைத்து, தலைப்பக்கத்தை உயர்த்துகிறார். தொலைபேசியில் புதியவர் மருத்துவரை அழைக்கிறார். "ஸார், ஏழாம் பெட் ரொம்பத் தூக்கமா இருக்கார்." மறுமுனையில் உறக்கம் கலையாத குரல்: "தூங்கட்டுமே, சிஸ்டர்." தொடர்பு அறுகிறது.

கண்டதைச் சொல்லியாயிற்று, ஆனால் சொல் போய்ச் சேரவில்லை. யார், முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார், என்ன வேண்டும் என்னும் ஒழுங்கில் பேச இன்று செவிலியருக்குப் பயிற்சி தருகிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த ஒழுங்கு அது. மூத்தவர் அந்த நான்கையும் விரல்விட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். மீண்டும் எண்ணைச் சுழற்றுகையில், இரண்டாம் விரலுக்குரிய செய்தியில் தன் செயலும் அடங்கியிருப்பது புதியவருக்குத் தெரிகிறது. அதை விட்டுவிட்டும் பேசலாம். தோழியும் களவுக்கு உடன்பட்டவள்தான். அறத்தொடு நிற்கும்போது அவள் தன்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஸார், ஏழாம் பெட். நாள்பட்ட நுரையீரல் நோய். ஒரு மணிக்கு ஆக்ஸிஜனை ரெண்டுலேர்ந்து எட்டு லிட்டருக்கு நான்தான் ஏத்தினேன். அப்போ கோமா ஸ்கோர் பதினாலு, இப்போ ஒன்பது. மூச்சு எட்டு. கரியமில வாயு ஏறியிருக்கும்னு பயமா இருக்கு. நீங்க உடனே வரணும், ஸார்."

மருத்துவர் ஓடி வருகிறார். தமனி இரத்தம் சோதிக்கப்படுகிறது. இறுக்கமான முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் கருவி பொருத்தப்படுகிறது. விடியற்காலையில் பெயர் சொல்லி அழைத்தபோது முதியவர் கண் திறக்கிறார்.

கவிஞர்கள் அடித்ததைக் கிழித்தெறிந்துவிடலாம். செவிலிக்கு அந்த உரிமை இல்லை. பிழையான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, அடியிலிருப்பது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் கையொப்பமும் நேரமும் இட வேண்டும். 'ஸ்லீப்பிங்' என்னும் சொல் அப்படியே கோட்டுக்கு அடியில் கிடக்கிறது. காலை ஏழு மணிக்குப் பணியை ஒப்படைக்கும்போது புதியவர் அந்தச் சொல்லையும் சேர்த்தே படிக்கிறார்.

வெளியே வராந்தாவில் முதியவரின் மனைவி எழுந்து வருகிறார். "ராத்திரி தூங்கினாராம்மா?"

"இல்லைம்மா, தூங்கலை. மயங்கிப் போயிட்டார். இப்போ கூப்பிட்டாக் கண்ணு திறக்கிறார். டாக்டர் உங்ககிட்ட எல்லாம் சொல்லுவார், உள்ளே வாங்க."