ஒரு மலை, இரண்டு பட்டியல்

 

உலக வரலாறு நெடுக அரசுகள் சமூகங்களை எப்படி உருவாக்கின என்பது மன்றத் தோழர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு. ஆறு மாதம் வகுப்பெடுத்தாலும் தீராது. எகிப்திலிருந்து தொடங்கினால் ரோமாபுரி போய்ச் சேருவதற்குள் தேநீர் வந்துவிடும். அதனால் உலகத்தை இரண்டொரு இடத்தில் மட்டும் தொட்டுவிட்டு, நாம் இன்று கூடியிருக்கும் பழனி மலையைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். இந்த மலையில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரண்டு மக்களை அரசின் இரண்டு பட்டியல்கள் எப்படிப் பிரித்துப் போட்டன, அதனால் இன்றைக்கு யாருக்கு என்ன இழப்பு என்பதுதான் என் பேச்சு.

முதலில் வெளியே ஒரு பார்வை. ருவாண்டாவில் 1930களில் பெல்ஜிய ஆட்சி ஆளுக்கொரு அடையாள அட்டை கொடுத்து, அதில் ஹூட்டு, துட்சி, ட்வா என்று எழுதியது. அந்தப் பெயர்கள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் மாடு கன்று சேர்த்து வசதியானவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வழியும் இருந்தது. அட்டை வந்ததும் அந்த வழி அடைபட்டது. 1994இல் சாலைத் தடுப்புகளில் அட்டையில் இருந்த அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துத்தான் யாரை விடுவது, யாரை வெட்டுவது என்று முடிவு செய்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம், கூடப் பிறந்தவர்களையே வேறு வேறு இனமாகப் பதிந்த கதைகள் உண்டு. எதுவுமே இல்லாத இடத்தில் அரசு புதிதாக ஒன்றைப் படைத்தது என்று நான் சொல்லவில்லை. ஓரளவுக்கு அசைந்து கொண்டிருந்ததை அது ஆணியடித்து நிறுத்திவிடுகிறது.

இனி நம் மலை. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கும்பினியின் கைக்கு வந்தது. 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவை அதிகாரி, வராககிரி என்று அப்போது சொல்லப்பட்ட இந்த மலைகளை அளந்தார். 1868இல் நெல்சன் மதுரை நாட்டைப் பற்றிய கையேட்டை எழுதினார். 1906இல் பிரான்சிஸ் மதுரை மாவட்ட கெசட்டியரை எழுதினார். மூன்று பேரும் வெள்ளைக்கார அதிகாரிகள். வரி வாங்கவும் ஆள் கணக்கு எடுக்கவும் எழுதியவர்கள். நம் மேல் அன்பு கொண்டு எழுதவில்லை.

இந்த நூல்களில் இருப்பது இதுதான். மலையின் பழைய குடிகள் புலையர். காடு காடாக அலைந்து, கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்தவர்கள் பளியர். குன்னுவர் என்ற உழுகுடிகள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குச் சமவெளியிலிருந்து மேலே வந்தவர்கள். வந்தவர்கள் நிலத்துக்கு உடையவர்களானார்கள். இருந்தவர்கள் அவர்களுடைய பண்ணை அடிமைகளானார்கள்.

ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் 2009இல் எழுதிய நூலில், தென்கிழக்காசிய மலைவாழ் மக்கள் அரசுக்குத் தப்பி மேலே ஏறியவர்கள் என்கிறார். வரிக்கும் அடிமைத்தனத்துக்கும் எட்டாத உயரத்தில் சுதந்திரமாக வாழ்ந்தார்கள் என்பது அவர் வாதம். முதுகலை வகுப்பில் சமூகவியல் படித்தவர்களுக்கு இது இனிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் பழனி மலைக்கு அது பாதிதான் பொருந்துகிறது. இங்கே சர்க்கார் வருவதற்கு முன்பே சாதி மேலே ஏறி வந்துவிட்டது. ஆள் பிடிக்க, வேலை வாங்க, கடனில் கட்டிப்போட அதற்கு ஒரு தாசில்தார் தேவைப்படவில்லை.

சர்க்கார் வந்து என்ன செய்தது? 1843இல் கும்பினி ஐந்தாம் எண் சட்டத்தைப் போட்டது. ஒருவர் இன்னொருவருக்கு அடிமை என்பதை இனி எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றது. அடிமையாக இருந்தவனுக்கு ஒரு குழி நிலமாவது கொடுக்கச் சொல்லியதா என்றால் இல்லை. ரயத்துவாரிக் கணக்கில் பட்டா யார் பெயரில் ஏறியதோ அவரே உடையவர். கணக்கு எழுதியவர் யாரைக் கேட்டு எழுதினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடிமை என்ற சொல் போய், கடனாளி என்ற சொல் வந்தது. சட்டம் வந்து இரண்டு ஆண்டுகளில், 1845இல், அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1899இல் நகராட்சி. கீழே வெயிலில் வாடிய துரைமார்களுக்குக் குளிர் கிடைத்தது. அவர்களை டோலியில் தூக்கி மலையேறிய தோள்களைப் பற்றிக் கொடைக்கானல் கையேடுகளில் ஒரு வரிக்கு மேல் பார்க்க முடியாது.

சென்னை வனச் சட்டம் 1882இல் வந்தது. ஒரு நிலப்பரப்பைக் காப்புக் காடாக அறிவிக்கப் போகிறோம், உரிமை உள்ளவர்கள் குறித்த காலத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்று அறிவிப்பு. எழுதத் தெரிந்தவர் எழுதினார். புனக்காடு வெட்டி ராகியும் சாமையும் விதைத்தவர், மறுநாள் காலையில் அத்துமீறி நுழைந்தவரானார். காடு அதே காடு. அவர் கையிலிருந்த அரிவாளும் அதே அரிவாள்.

பிறகு அரசே காட்டை மாற்றியது. மேல்மலையில் சோலையும் புல்வெளியுமாக இருந்த இடங்களில் வனத்துறை வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை வைத்தது. வாட்டில் பட்டை தோல் பதனிட, மரம் கூழுக்கு. பட்டை உரிக்க ஆள் வேண்டுமே? அந்த ஆட்களை உண்டாக்கியதும் அரசுகள்தான், இம்முறை இரண்டு அரசுகள். இலங்கை 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக் கொண்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் தோட்டத் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு வந்து இறங்கியவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அரசு கொடுத்த தொழில் கடன் பலருக்கு நிற்கவில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மலையேறினார்கள். முன்பணம் வாங்கி வாட்டில் கூப்புகளில் இறங்கினார்கள். குளிரில் பாலிதீன் குடிசை. கணக்குப் புத்தகம் ஒப்பந்தக்காரரிடம். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கூப்புகளில் கொத்தடிமைகள் இருந்தார்கள். 1843இன் கதை வேறு ஆட்களை வைத்து மறுபடி நடந்தது.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணைகள் இரண்டு வந்தன, ஒன்று பட்டியல் சாதிகளுக்கு, இன்னொன்று பட்டியல் பழங்குடிகளுக்கு. இவற்றை நான் குறை சொல்லவில்லை. அண்ணல் அம்பேத்கர் வாதாடிப் பெற்ற பாதுகாப்பு அந்தத் தாள்களில் இருக்கிறது. இந்த அவையில் இருக்கும் பலர், நான் உட்பட, அந்தத் தாளைப் பிடித்துக் கொண்டுதான் கல்லூரிப் படி ஏறினோம். ஆனால் பட்டியல் எழுதியவர்கள் பெயரை வைத்து எழுதினார்கள். தமிழ்நாட்டில் பளியர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். புலையர் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்கு முன் தங்களுக்குப் பழங்குடி நிலை இருந்தது, அந்தத் திருத்தத்தில் அது பறிபோனது என்று மலைப் புலையர்கள் இங்கும் ஆனைமலைப் பக்கமும் பல காலமாக மனு கொடுத்து வருகிறார்கள். சமவெளி வயலில் வேலை செய்த புலையரும் மலையில் தேனெடுத்த புலையரும் பெயரளவில் ஒன்று என்பதால், கோப்பு அவர்களை ஒரே மக்கள் என்று எண்ணிக் கொண்டது என்றுதான் நான் புரிந்து கொள்கிறேன்.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது? பளியர் பிள்ளை சாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியரிடம் போக வேண்டும், புலையர் பிள்ளை தாசில்தாரிடம். பளியர் கிறிஸ்தவரானாலும் பழங்குடியாகவே இருப்பார். ஏனென்றால் அந்த ஆணையில் மத நிபந்தனை இல்லை. புலையர் கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டவராகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கட்டடத்துக்குள் போகிறார் என்பதைப் பொறுத்து அவருடைய தாத்தா பட்ட தீண்டாமை சர்க்கார் கணக்கில் அழிந்து போகிறது.

இதைவிடப் பெரிய அடி 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. நல்ல சட்டம். காலனிக் காலத்திலிருந்து வனவாசிகளுக்கு இழைத்தது வரலாற்று அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்ட சட்டம். அதில் பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் வாழ்ந்ததைக் காட்டினால் போதும். பழங்குடி அல்லாதவர், பாரம்பரிய வனவாசி என்ற தலைப்பில் வர வேண்டும். அவர் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இரண்டு குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கு 2005. இன்னொன்றுக்கு 1930. கெசட்டியர் யாரை இந்த மலையின் பழைய குடி என்று எழுதியதோ, அவர்களைத்தான் அரசு இப்போது, நீ எப்போது வந்தாய், சான்று எங்கே என்று கேட்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் நின்றும் போனது. அதற்கிடையில் 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சுமார் 608 சதுர கிலோமீட்டர். காட்டெருமைக்கு எல்லை போட்டாயிற்று. மனிதர்களின் மனு இன்னும் மேசையில் கிடக்கிறது.

1930க்கு முந்தைய சான்றுக்கு அந்தக் குடிசைகளில் எங்கே போவது? பட்டா கிடையாது. பிறப்புச் சான்று கிடையாது. பள்ளிக்கூடமே கிடையாது. இந்த இடத்தில்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன். வன உரிமை விதிகளின் 13ஆம் விதி எவையெல்லாம் சான்று என்று வரிசைப்படுத்துகிறது. அதில் முதலிலேயே அரசு ஆவணங்கள் வருகின்றன: கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கைகள். வம்சாவளியும் சான்று. மனுதாரர் அல்லாத முதியவர்கள் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலமும் சான்று. இவற்றில் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். இந்த ஒரு வகை ஆவணம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்று 2012 திருத்தம் சொல்கிறது.

அப்படியானால் 1868ஆம் ஆண்டின் நெல்சன் சான்று. 1906ஆம் ஆண்டின் பிரான்சிஸ் சான்று. உன் பாட்டன் இவர்களுக்கு அடிமையாக இருந்தான் என்று இழிவாக எழுதிய அதே பக்கம், உன் பாட்டன் இங்கே இருந்தான் என்பதற்குச் சர்க்காரே கொடுத்த அத்தாட்சி. அந்த வரிகளைப் படிக்க வயிறு எரிகிறது. எரியட்டும். படித்து, நகலெடுத்து, மனுவோடு வைக்க வேண்டும். நம் எழுத்தாளர்கள் சிலர் காலனி ஆவணங்களைத் தொடவே கூடாது என்கிறார்கள். கவிதைக்கு அந்த நிலைப்பாடு சரியாக இருக்கலாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் அது உதவாது. கெசட்டியர் ஒரு மக்களைப் பற்றித்தான் சொல்லும், ஒரு குடும்பத்தைச் சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்ப வம்சாவளியும் முதியவர் வாக்குமூலமும் வேண்டும். எண்பது வயதைத் தாண்டிய பாட்டிகள் ஊருக்கு இரண்டு பேராவது இன்னும் இருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகும் இருப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் இந்த அவையில் மறைக்காமல் பேச வேண்டும். மலைப் புலையர்கள் பழங்குடி நிலை கேட்பதைப் பார்த்து, நம்மை விட்டுப் பிரிந்து போகிறார்களா, நம்மோடு சேர்த்துச் சொல்ல வெட்கமா என்று வருத்தப்படும் தோழர்கள் இருக்கிறார்கள். வருத்தம் எனக்குப் புரிகிறது. புலை என்ற சொல்லின் பாரத்தை நாமும் சுமந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் கேட்பது காடு. டீக்கடையில் தனிக் குவளை வைத்தவன் அவர்களுடைய சான்றிதழைப் பார்த்து வைக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இரண்டு பட்டியலுக்கும் ஒன்றுதான். 1892இல் சென்னை அரசு பஞ்சமி நிலத்துக்கு உத்தரவிட்டது. அந்த நிலத்தில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது? கையில் வந்த தாளை நிலமாக மாற்றுவது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியும். தெரிந்த நாமே அவர்களுக்கு முதல் துணையாக நிற்க வேண்டும். நாமே முதல் ஆட்சேபணை மனுவைக் கொடுத்துவிடக் கூடாது.

பட்டியல் மாற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அது என்றைக்கு நடக்குமோ தெரியாது. வன உரிமை மனு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இப்போதிருக்கும் பட்டியலோடே, பாரம்பரிய வனவாசி என்ற தலைப்பிலேயே கொடுக்கலாம். கிராம சபைதான் அதற்குத் தொடக்கம். தனிநபர் மனுவுக்குப் படிவம் அ, சமூக உரிமைக்குப் படிவம் ஆ. நெல்சன், பிரான்சிஸ் நூல்களின் அந்தப் பக்கங்களை நகலெடுத்து வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம், தமிழில் ஒரு சுருக்கமும் கூடவே. மேல்மலையிலிருந்தும் தாண்டிக்குடி பக்கமிருந்தும் வந்திருப்பவர்கள் ஊருக்கு இரண்டு பிரதி எடுத்துப் போகலாம். பாட்டிகளிடம் உட்கார்ந்து எழுத நேரம் தரக்கூடிய மாணவத் தோழர்கள் தங்கள் பெயரை அங்கேயே எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.