நொய்யலில் இறங்கிய உப்பு

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. ஆண்டு முழுதும் நீர் ஓடிய ஆறு அல்ல இது. மழை குறைந்த கொங்கு நாட்டில் கிணறு உள்ள நிலம் தோட்டம். வானம் பார்த்தது காடு. தோட்டத்தில் மஞ்சளும் புகையிலையும் பருத்தியும், காட்டில் சோளமும் கம்பும் விளைந்தன. கிளுவை வேலியிட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து காங்கேயம் மாடுகள் வளர்ந்தன. ஒன்று பொய்த்தால் மற்றொன்று தாங்கும்.

1970களின் பிற்பகுதியில் திருப்பூர்ப் பின்னலாடை ஐரோப்பியச் சந்தைக்குப் போகத் தொடங்கியது. உள்ளூருக்கு வெள்ளைப் பனியன் போதும். வெளிநாட்டுக் கடைகள் கேட்டவை வண்ண ஆடைகள். சாயப்பட்டறைகள் பெருகின. பட்டறை முதலாளிகளில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்களே என்பதை இந்த வரலாற்றைச் சொல்வோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். பட்டறைகளுக்குத் தண்ணீர் வந்ததும் தோட்டத்துக் கிணறுகளிலிருந்துதான். பயிருக்கு இறைப்பதைவிட லாரிக்கு விற்பதில் காசு கூடுதலாக வந்தது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ தொட்டியில் ஏராளமாகக் கொட்டினால்தான் சாயம் இழையைப் பற்றும். ஆனால் உப்பு துணியில் தங்குவதில்லை. அலசும் நீரோடு வெளியேறி நொய்யலில் சேர்ந்துவிடும். 1990களின் பிற்பகுதியில் எழுந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை நீக்கின, கரைந்த உப்பை விட்டுவிட்டன. தெளிந்த நீரைக் கண்டவர்கள் கேடு தீர்ந்ததாகவே எண்ணினார்கள்.

சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை இந்தக் கழிவுக்குத் தேக்கமாயிற்று. தேங்கிய நீர் சுற்றுக் கிணறுகளிலும் ஊறியது. களிமண்ணில் சோடியம் ஏறினால் மண்கட்டு குலைந்து, நிலம் காய்ந்ததும் இறுகும்; பிறகு பெய்யும் மழைகூட உள்ளே இறங்காது. கடைசியில் ஆயக்கட்டு விவசாயிகளே அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. பாசன வரலாற்றில் இதைவிட விசித்திரமான கோரிக்கை அரிது.

விவசாயிகளின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டும் என்றது. அதற்கு முன்பே, 2005 தொடக்கத்தில் உலகத் துணி வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்து, ஏற்றுமதிப் போட்டி கடுமையாகியிருந்தது. உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரியில் 700க்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. சவ்வூடு வடித்தலும் ஆவியாக்கலும் கூடிய நிலையங்கள் இயங்கத் தொடங்கிய பிறகே அவை படிப்படியாகத் திறந்தன. சுத்திகரிப்புச் செலவு பட்டறைகளின் தலையில் விழுந்தது. சட்டை வாங்கும் நிறுவனம் விலையை அதற்கேற்ப உயர்த்துவதில்லை.

மண் கெட்ட பிறகும் நிலம் உள்ளவருக்கு விற்க மனையாவது இருந்தது. களையெடுத்தும் ஆடு மேய்த்தும் பிழைத்த கூலிக் குடும்பங்களுக்குப் பனியன் கம்பெனிதான் மிஞ்சிய வழி. சுத்திகரிப்பில் மீட்ட உப்பில் ஒரு பகுதி மீண்டும் சாயத்தொட்டிக்குப் போகிறது. பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கொட்டகைகளில் அடுக்கப்பட்டிருக்கிறது.