வயிறும் வாதமும்



"பாரிசவாதம்" என்று ஒரு நோயைச் சொல்கிறோம். பாரிசம் என்பது பக்கம். வாதம் என்பது காற்று. உடம்பின் ஒரு பக்கத்தைக் காற்று வீழ்த்தியது என்பது அச்சொல்லின் கருத்து. வயிற்றிலே பொருமுவதை வாய்வு என்கிறோம். அதுவும் காற்றே. இவ்வாறு வயிற்றையும் வாதத்தையும் நம் பேச்சுவழக்கு உறவாக்கிவிட்டது.

அந்த உறவை நம்பி நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். கொக்கிளாயில் என் பெரியப்பா களப்பில் இறால் பிடித்து வாழ்ந்தவர். 1984 இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர். வயிற்றெரிவு அவருக்குப் பழைய தோழன். ஒரு விடியற்காலை அவருடைய வாய் கோணியது, வலக்கை துவண்டது. "வாய்வு ஏறிவிட்டது" என்றார்கள். உள்ளியும் பெருங்காயமும் இடித்துப் பருக்கினோம். படித்தவன் நானும் பக்கத்திலேதான் நின்றேன். வெயில் ஏறிய பின்னரே வாகனம் பிடித்தோம். உயிர் தங்கியது, பேச்சுத் திரும்பவில்லை.

இன்று விஞ்ஞானமும் இந்த உறவை விசாரிக்கின்றது என்பது வியப்புக்குரியது. 1982 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன், பரி மார்ஷல் என்னும் மருத்துவர்கள் இரைப்பையில் வாழும் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்ற கிருமியை இனங்கண்டு வளர்த்தனர். குடற்புண்ணுக்கு அது காரணமாகும் என்று பின்னர் நிறுவினர். 1984 இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயுற்றுக் காட்டினார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமி மூளையின் குருதிக்குழாய்களையும் தாக்குமா? நாட்பட்ட அழற்சி குழாய்களைக் கெடுக்கலாம்; உயிர்ச்சத்து பி12 குறைவதனால் தீங்கு நேரலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சில ஆய்வுகள் தொடர்பைக் காட்டின. வேறு சில காட்டவில்லை. கிருமியை அழித்தால் பாரிசவாதம் வராது என்பது நிறுவப்படவில்லை. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல் ஆகியவையே நிறுவப்பட்ட பகைவர்கள். ஒன்று மட்டும் உறுதி: பாரிசவாதத்தின் பின் அஸ்பிரின் உண்பவருக்கு இக்கிருமி இருப்பின், இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி கசியும் ஆபத்து மிகும். ஆகவே வயிற்றெரிவு உள்ளவர் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே நோயை அறிதல், அதன் முதலை அறிதல், தணிக்கும் வழியை அறிதல் என்று படிப்படியாக வைத்தார். நாங்கள் முதற்படியிலேயே சறுக்கினோம். சொல் காட்டிய காரணத்தை நோயின் காரணமாக எடுத்துக்கொண்டோம். உறவு இருப்பது வேறு, காரணமாவது வேறு.

முகம் கோணினால், கை துவண்டால், நா குழறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குரிய காலம் பொதுவாக நாலரை மணித்தியாலமே. அன்று விடிந்ததிலிருந்து நாங்கள் அதில் எவ்வளவைத் தொலைத்தோம் என்று இன்றும் எண்ணிப்பார்க்கிறேன்.