மறைத்து வைத்த கோவை



கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு வெள்ளவத்தையில் ஒரு நல்ல வரன் அமைகிறது. சாதகமும் பொருந்திவிட்டது. அப்பொழுது தாயார் அலுமாரியிலிருந்த பழைய வைத்தியக் கோவையை எடுத்து மறைத்து வைக்கிறார். மகளுக்கு மூன்று வயதில் இருதயத்திலே சத்திரசிகிச்சை நடந்தது. "அதுதான் சுகமாகிவிட்டதே! இனி அந்தப் பேச்சு எதற்கு?" என்பது அவர் எண்ணம்.

அந்த எண்ணம் சரியானதுதானா?

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகளின் இருதயத்தில் ஏதேனும் ஒரு குறை உண்டு. அவற்றுள் ஒன்று, 1888ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியர் ஃபாலோ விவரித்த நால்வகைக் குறை. இருதயத்தின் கீழறைகளுக்கிடையே துவாரம். நுரையீரலுக்குச் செல்லும் வழியில் ஒடுக்கம். அதனால் குழந்தை நீலம் பாரிக்கும். துவாரத்தை அடைத்து, ஒடுக்கத்தை அகற்றும் முழுமையான சிகிச்சை 1954இல் அமெரிக்காவில் தொடங்கியது. அன்று பிழைக்க அரிதாயிருந்த குழந்தைகள் இன்று வளர்ந்து பெரியவர்களாகின்றனர்.

ஆயினும், ஒடுக்கத்தை அகற்றிய இடத்தில் வால்வு பெரும்பாலும் கசியும். வலது கீழறை ஆண்டுக்காண்டு விரிவடையும். நோயாளியோ நெடுங்காலம் எதனையும் உணரார். களைப்புத் தோன்றும் வேளையில் காலம் கடந்திருக்கவும் கூடும். ஆகவே, உடல் சொல்லாததைப் படம் சொல்லவேண்டியிருக்கிறது.

1953இல் சுவீடனில் எட்லரும் ஹேர்ட்ஸும் ஒலியலை கொண்டு இருதயத்தை ஆராய்ந்தனர். அம்முறை சிறு பிள்ளையின் மெல்லிய மார்பில் தெளிவாகக் காட்டும். வளர்ந்தவரின் மார்பிலோ எலும்பும் காற்று நிறைந்த நுரையீரலும் ஒலியை மறைக்கும். அங்கே காந்தப் படமுறை துணைக்கு வருகிறது. கதிர்வீச்சின்றியே கீழறையின் கொள்ளளவையும் வால்வின் கசிவையும் அது அளந்துவிடும். சீ.டி. படம் விரைவானது, ஆனால் எக்ஸ்-கதிர் கொண்டதாகையால் அளவறிந்து பயன்படுத்துவர்.

கர்ப்ப காலத்தில் பெண்ணின் இரத்தம் ஏறக்குறைய அரைப்பங்கு பெருகுகிறது. அந்தச் சுமையை இருதயம் தாங்குமா என்பதை முன்கூட்டியே அறிவது நன்று. பிறவிக் குறையுள்ள எத்தனையோ பெண்கள், தக்க கண்காணிப்புடன், நலமே தாயாகியிருக்கின்றனர்.

பொரளைச் சிறுவர் வைத்தியசாலையை விட்டு வளர்ந்த பிள்ளை, பெரியவர்களுக்கான இருதயப் பிரிவுக்குச் செல்லாது இடையிலே நின்றுவிடக்கூடாது. இன்றைய படத்தை நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் புலப்படும். அந்த நேற்றைய படமும் அலுமாரிக் கோவைக்குள் இருக்கலாம்.

தாய்மாரே, அதனை மறைக்காதீர்கள். மகளின் கையில் கொடுங்கள்.