மின்சாரம் திரும்பும் வழி



உதகையிலிருந்து கூடலூருக்கு வரும் சாலையில் பைக்காரா ஆற்றைக் காணாதார் நம்மில் இலர். அவ்வாற்றின் நீரைப் பெருங்குழாய்களின் வழியே ஏறத்தாழ 3000 அடி கீழேயுள்ள சிங்காராவுக்கு இறக்கி, 1932-ஆம் ஆண்டில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். அது மலையிறங்கிச் சென்று கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டியது.

மின்சாரத்தின் இயல்பை அறியவும் அந்நீரே நமக்கு ஆசானாகும். நீர் விழும் உயரத்தைப் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ட் கணக்கில் அளக்கிறோம். குழாயில் நொடிதோறும் பாயும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். குழாய் குறுகினால் நீர் தடைப்படுவது போலக் கம்பியிலும் தடை உண்டு. அதன் அளவு ஓம். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும் என்பது ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி. 1.5 வோல்ட் மின்கலத்துடன் 5 ஓம் தடையுள்ள சிறு விளக்கை இணைத்தால் 0.3 ஆம்பியர் ஓடும்.

ஆயினும் இவ்வுவமைக்கு ஓர் எல்லை உண்டு. குழாய் உடைந்தால் நீர் வெளியே கொட்டும். விளக்கின் கம்பி அறுந்தாலோ ஓட்டம் நின்றுவிடும். புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவர வழியிருந்தால்தான் மின்சாரம் ஓடும். அவ்வழியே மின்சுற்று. சுவிட்ச் என்பது அவ்வழியைத் திறந்து மூடும் கதவேயன்றி வேறில்லை.

ஒற்றைக் கம்பியில் அமர்ந்த குருவிக்குத் தீங்கு நேர்வதில்லை. அதன் உடல்வழியே மின்சாரம் திரும்ப வேறு வழியில்லை. மண்ணில் நிற்கும் மனிதனின் நிலை வேறு. டிரான்ஸ்பார்மரில் ஒரு முனையை நிலத்தோடு இணைத்திருப்பதால், நிலமே திரும்பும் வழியாகிறது. நனைந்த உடலின் தடை 1000 ஓம் அளவுக்குக் குறையக்கூடும். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.23 ஆம்பியர். இதயத்தை நிறுத்த அதில் பாதியே போதும்.

நம் பகுதியில் யானைக்கு அஞ்சி வேலி அமைக்கின்றனர். முறையான சூரியசக்தி வேலியில் அழுத்தம் பல்லாயிரம் வோல்ட் ஆயினும், அது நொடிக்கு ஒருமுறை, கணநேரமே பாய்கிறது. யானை அதிர்ந்து விலகும், உயிர் பிழைக்கும். வீட்டு மின்சாரத்தை நேரே வேலியில் இணைப்பது சட்டப்படி குற்றம். அங்கே ஓட்டம் இடைவிடாது பாயும்; தொட்ட கை தசை இறுகிக் கம்பியை விடாது. யானையும் மடியும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் மடிவான்.

ஆதலின், மழைக்காலத்தில் அறுந்து கிடக்கும் கம்பியை நெருங்காதீர்கள், மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள். வீட்டில் மின்தாக்குண்டவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். உங்கள் ஊரில் எவரேனும் வீட்டுக் கம்பியை வேலிக்கு இழுப்பாராயின், இன்று கற்ற இக்கணக்கை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.