வீட்டைச் சுற்றி வளர்ந்த புதர்



மூன்று தலைமுறை வாழ்ந்த வீடுகள் பலவற்றில் இன்று வயதான உம்மா ஒருவர் மட்டும் இருக்கிறார். பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் இருக்கிறோம். கொல்லைப் புதர் சன்னல் வரை ஏறிவிட்டது. பங்கு பிரியாத சொத்து என்பதால், யார் செலவு செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாகம் பிரிப்பது பிறகு ஆகட்டும். புதரில் எலி சேரும். எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். இருட்டில் கொல்லைக்குப் போகிறவர் அந்த உம்மாதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் வேலையை முடிப்போம். புதருக்குள் கிடக்கும் சிரட்டை, உடைந்த சட்டி, பழைய டயர்களை அப்புறப்படுத்துவோம். அவற்றில் தேங்கும் நீரில் டெங்கு கொசு உருவாக 7 முதல் 10 நாட்களே போதும்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது. கட்டை மறுபடி தழைக்கும். வேரோடு எடுக்க வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் ஜேசிபி வேண்டாம், கடப்பாரையால் தோண்டுவோம். பழைய சுண்ணாம்புச் சுவர் அதிர்வைத் தாங்காது. பறவை எச்சத்தால் சுவரில் முளைத்த அரசையும் ஆலையும் விரலளவில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கி, விரிசலைப் பூச வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை அணிந்து பிடுங்குவோம். மின்கம்பியைத் தொடும் கிளையில் கை வைக்க வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரம் நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும். வெட்டியதைக் கொளுத்தவும் வேண்டாம்.

புதரை நீண்ட கம்பால் தட்டிவிட்டு, பூட்ஸ் அணிந்து இறங்குவோம். பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உம்மாவைக் கேட்காமல் அரிவாளை எடுக்கக் கூடாது. “இது உன் வாப்பா வைத்த மரம்” என்று அவர் சொன்னால் அது நிற்கட்டும். ஓட்டில் உரசும் கிளையை மட்டும் கழிப்போம். சுத்தம் செய்வது மனையை விற்பதற்கான முதல் வேலையோ என்று பல பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அவர் அங்கே பயமின்றி நடமாடவே இந்த வேலை என்று முதலில் சொல்லிவிடுவோம்.

வெளியூரில் இருப்பவர்கள் கூலியை அனுப்புவோம். உள்ளூரில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட நிற்போம். வேம்பும் முருங்கையும் மருதாணியும் இருக்கட்டும். கிணற்றடிக்குப் போகும் வழி மட்டும் தெளிவாகட்டும்.