வண்டி போச்சு, லீசிங் போகவில்லை
(கண்டியில் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கலஹா, தெல்தோட்டை பக்கமிருந்தும் புசல்லாவை, பன்விலை, மடுல்கலை பக்கமிருந்தும் விடியக்காலையிலே பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆகவே நீட்டி முழக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

முந்தி எங்கள் தோட்டங்களில் வாகனம் என்றால் துரையின் ஜீப், கொழுந்து லொறி, டிரக்டர், அவ்வளவுதான். அதுக்கு ஏதும் நடந்தால் காப்புறுதி விஷயத்தை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். இன்றைக்கு அப்படியா? லயத்து வாசலில் ஓட்டோ நிற்கிறது. மரக்கறி ஏற்றுகிற சின்ன லொறி நிற்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோவதும், பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்த வண்டிதான். அது வாகனம் மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் தொழில். அது ஒரே நாளில் இல்லாமல் போனால் என்ன செய்வது? அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

ஒரு தம்பியின் கதை

கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தம்பி. பெயர் வேண்டாம். அம்மா கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவின் சேமலாப நிதிப் பணத்தை முற்பணமாகக் கட்டி, மீதிக்கு லீசிங் போட்டு ஓட்டோ எடுத்தார்கள். ஒரு மழை நாளில் வளைவிலே எதிரே லொறி வர, ஓட்டோ பாதையை விட்டு விலகித் தேயிலை மலைக்குள் புரண்டது. கை முறிந்ததோடு உயிர் தப்பியது. ஓட்டோ சப்பையாகிப்போனது.

அந்தத் தம்பி எங்களிடம் வந்தபோது சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "ஐயா, வண்டி போச்சுங்க. லீசிங் போகலையே!"

உண்மைதான். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை மாதா மாதம் வரும். காப்புறுதிப் பணம் கைக்கு வரும்வரை தவணையை நிறுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிறுத்தினால் தண்டப் பணமும் வட்டியும் ஏறும். ஆகவே விபத்து நடந்த உடனே லீசிங் கம்பனிக்கும் எழுத்திலே அறிவித்து, தவணைக்குச் சலுகைக் காலம் கேளுங்கள். கேட்டால் கொடுத்தாலும் கொடுப்பார்கள். கேட்காமல் இருந்தால் ஒன்றும் கிடையாது.

எந்தக் காப்புறுதி உங்களிடம் இருக்கு?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது. ஆனால் மூன்றாந் தரப்பு என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உங்கள் வண்டி நொறுங்கினால் அதிலே ஒரு சதமும் வராது. சொந்த வண்டிக்கும் பணம் வர வேண்டுமானால் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று சொல்கிறோமே, அந்த முழுக் காப்புறுதி இருக்க வேண்டும்.

"ஃபுல்" என்ற சொல்லைக் கேட்டு எல்லாம் அடங்கிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்ததை மறக்க முடியுமா? நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எங்கள் கண்டி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் கடுமையாகத் தாக்கின. வெள்ளம், மண்சரிவு போன்ற இயற்கை அனர்த்தங்கள் சில பத்திரங்களில் சேர்ந்தே இருக்கும். சிலவற்றில் மேலதிகப் பணம் கட்டித்தான் சேர்க்க வேண்டும்.

கலவரத்துக்கும் இதே கதைதான். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் நடந்ததை நாம் அறிவோம். வீடும் கடையும் வாகனமும் எரிந்தன. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு பத்திரத்தில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் தகரப்பெட்டியைத் திறந்து உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் ஏ.எல். படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

விபத்து நடந்த இடத்தில்

எங்கள் தம்பி செய்த முதல் பிழை இதுதான். மாலையிலேயே டிரக்டர் கட்டி ஓட்டோவை மேலே இழுத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். நல்ல மனதோடு செய்த உதவிதான். ஆனால் காப்புறுதிக் கம்பனி ஆள் வந்து பார்த்தபோது, எங்கே விழுந்தது, எப்படி விழுந்தது, எந்தச் சேதம் விழுந்ததால் வந்தது, எது இழுத்ததால் வந்தது என்று கேள்விக்கு மேல் கேள்வி. அதிலேயே பல வாரம் போனது.

ஆகவே முதலில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். உயிர்தான் முதல். பிறகு காப்புறுதி அட்டையிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அந்த இடத்திலிருந்தே பேசுங்கள். பேசிய நேரத்தையும், அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். கையிலுள்ள போனால் நாலு பக்கமும் படம் எடுங்கள். பாதை, சக்கரத் தடம், மற்ற வண்டியின் இலக்கத் தகடு எல்லாம் விழ வேண்டும். பொலிசில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை எடுங்கள். பாதைக்கு இடைஞ்சல் என்று பொலிஸ் வண்டியை நகர்த்தச் சொன்னால், படம் எடுத்த பிறகு நகர்த்துங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறோம். ஓட்டியவருக்கு லைசன் இல்லை, அல்லது குடித்திருந்தார் என்றால், "லைசன் உள்ள அண்ணன் ஓட்டினதா சொல்லுவோம்" என்று புத்தி சொல்ல ஊரிலே நாலு பேர் வருவார்கள். அதைக் கேட்காதீர்கள். காப்புறுதி நம்பிக்கையின் மேல் நிற்கிற ஒப்பந்தம். பொய் வெளிப்பட்டால் பணமும் போகும், அண்ணனும் பொலிசுக்கு நடக்க வேண்டி வரும்.

"டோட்டல் லொஸ்" என்றால் என்ன?

திருத்துகிற செலவு வண்டியின் பெறுமதியை நெருங்கினால், அல்லது அதைத் தாண்டினால், "திருத்திப் பயனில்லை, முழுச் சேதம்" என்று கம்பனி முடிவு செய்யும். 2022இல் ரூபாவின் மதிப்பு சரிந்து பார்ட்ஸ் விலை ஏறிய பிறகு, முந்தித் திருத்தக்கூடியதாக இருந்த சேதங்கூட இந்தக் கணக்குக்குள் விழத் தொடங்கியது.

முழுச் சேதம் என்றால் எவ்வளவு தருவார்கள்? இரண்டு தொகையைப் பார்ப்பார்கள். ஒன்று, பத்திரத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த காப்புறுதித் தொகை. மற்றது, விபத்துக்கு முன் அந்த வண்டிக்குச் சந்தையில் இருந்த விலை. இரண்டில் எது குறைவோ அதுதான் பொதுவாகக் கிடைக்கும்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் பலருக்கு அடி விழுந்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. புது வண்டி வராததால் பழைய வண்டியின் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 தொடக்கத்தில்தான் இறக்குமதி மீண்டும் திறந்தது. இடையிலே பலர் வருடா வருடம் பத்திரத்தைப் புதுப்பித்தார்கள், ஆனால் தொகையை மாற்றவில்லை. கட்டுப்பணம் கூடிவிடும் என்ற பயம்.

கணக்குக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். வண்டியின் சந்தை விலை 12 இலட்சம். பத்திரத்தில் எழுதியது 8 இலட்சம். வண்டி முழுதாகப் போனால் ஆகக் கூடியது 8 இலட்சந்தான். அதில் நீங்கள் ஏற்க வேண்டிய கழிவுத் தொகை 25,000 என்றால் மீதி 7 இலட்சத்து 75 ஆயிரம். லீசிங் பாக்கி 5 இலட்சத்து 50 ஆயிரம் என்றால், பணம் முதலில் அங்கே போகும். ஏனென்றால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான். உங்கள் கைக்கு 2 இலட்சத்து 25 ஆயிரம். அதை வைத்து 12 இலட்சம் ரூபா வண்டியை எப்படி எடுப்பது?

முழுதாகப் போகாமல் பாதி உடைந்தாலும் இந்தக் குறைபாடு கடிக்கும். திருத்த 3 இலட்சம் செலவானால், 12க்கு 8 என்ற விகிதம் பார்த்து 2 இலட்சம் மட்டும் தரும் நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. மறுபக்கம், 12 இலட்சம் வண்டிக்கு 15 இலட்சம் என்று எழுதினாலும் 12தான் கிடைக்கும், மேலதிகமாகக் கட்டிய கட்டுப்பணம் வீண். ஆகவே ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அன்றைய சந்தை விலையை விசாரித்து எழுதுங்கள். விலை இறங்கும் காலமும் வரும், ஏறும் காலமும் வரும்.

முதல் தொகைக்கே தலையாட்ட வேண்டாம்

எங்கள் தம்பியின் பத்திரத்திலும் 8 இலட்சந்தான் இருந்தது. கம்பனி முதலில் சொன்னது அதையும் விடக் குறைவு: 6 இலட்சத்து 75 ஆயிரம். வண்டி பழசு என்றார்கள். அந்த அம்மா, "கெடைக்கிறத வாங்கிட்டு வந்துருவோம் சாமி" என்றார். அலைந்து அலைந்து களைத்துப்போன பேச்சு அது.

நாங்கள் ஒரு கடிதம் எழுதச் சொன்னோம். சண்டைக் கடிதமல்ல. "இந்தப் பெறுமதியை எப்படிக் கணித்தீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்" என்ற ஒரே கேள்வி. அதோடு கண்டியிலும் கம்பளையிலும் வாகனம் விற்கிற மூன்று இடங்களில், அதே வருடத்து அதே வகை ஓட்டோவின் விலையை எழுதி வாங்கி இணைத்தோம். மூன்றிலும் விலை 8 இலட்சத்துக்கு மேல் இருந்தது. இன்னும் இரண்டு முறை போய்வர வேண்டியிருந்தது. கடைசியில் பத்திரத்தில் இருந்த முழுத் தொகைக்கு ஒத்துக்கொண்டார்கள். கழிவுத் தொகை மட்டும் வெட்டப்பட்டது.

உடைந்த வண்டியை நீங்களே வைத்துக்கொள்வதா, கம்பனிக்குக் கொடுப்பதா என்றும் கேட்பார்கள். நீங்கள் வைத்தால் அதன் பழைய இரும்பு விலையைத் தொகையிலிருந்து கழிப்பார்கள். அந்த விலைக்கு வெளியில் வாங்க ஆள் உண்டா என்று பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள். அதுவரை வண்டி கராஜில் கிடந்தால் நாளுக்கு எவ்வளவு வாடகை என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். "முழுமையும் இறுதியுமான தீர்வு" என்ற கடதாசியில் கையெழுத்து வைத்தால் பிறகு கேட்க வழியில்லை. தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்காமல் பேனையைத் தொடாதீர்கள்.

தாமதத்துக்கும் மறுப்புக்கும் காரணமாகும் மூன்று

ஒன்று, ஓப்பன் பேப்பர். வண்டியை வாங்கிவிட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றாமல் ஓடுவது. விபத்து நடந்த பிறகு பழைய உரிமையாளரைத் தேடி மாத்தளைக்கும் குருநாகலுக்கும் அலைந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இரண்டு, பாவனை. சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி செய்துவிட்டு ஹயருக்கு ஓடுவது. கட்டுப்பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் முழுவதும் இழக்க நேரும்.

மூன்று, ஆள் ஏற்றுவது. சாமான் ஏற்றும் லொறியிலும் டிரக்டர் பெட்டியிலும் ஆட்களை ஏற்றினால், விபத்தின்போது அந்த ஆட்களுக்கும் பாதுகாப்பு கேள்விக்குறி. தோட்ட வேலைக்காக அப்படி ஏற்றப்பட்டு அடிபட்டால் அது வேறு வழக்கு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கேட்க இடமுண்டு. வண்டிக்கான காப்புறுதியோடு இதைப் போட்டுக் குழப்பாதீர்கள்.

கம்பனி மறுத்தால்?

மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கிளை முகாமையாளர், பிறகு தலைமைக் காரியாலயம். அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். ஒம்பட்ஸ்மன் என்பார்கள். 2005 முதல் இயங்கும் ஏற்பாடு. கட்டணம் கிடையாது. ஆனால் வழக்குப் போட்டுவிட்டால் அவர் எடுக்கமாட்டார். ஆகவே கோர்ட்டுக்கு முன் அங்கே எழுதுங்கள். கம்பனிகளைக் கண்காணிக்க 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சபை, 2017 முதல் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்ற பெயரில் இயங்குகிறது. அங்கும் முறையிடலாம். வழக்குத்தான் வழி என்றால், வசதியில்லாதவர்களுக்கு உதவச் சட்ட உதவி ஆணைக்குழு கண்டியிலும் இருக்கிறது.

எங்கே போனாலும் மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பிரதியைக் கொடுத்து, இன்னொரு பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள்.

நிறைவாக

அந்தத் தம்பிக்குப் பணம் வர நாலு மாதத்துக்கு மேல் ஆனது. லீசிங் கணக்கு மூடப்பட்டது. கையில் மிஞ்சியது, அம்மா போட்ட சேமலாப நிதிப் பணத்தில் பாதிகூட இல்லை. இப்போது அவர் இன்னொருவரின் ஓட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். கடன் இல்லை, ஆனால் சொந்த வண்டியும் இல்லை. எங்களால் முடிந்தது அவ்வளவுதான். புதுப்பிக்கும் நாளில் தொகையைத் திருத்தி எழுதியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

மழை வருமுன் கூரையைப் பார் என்பார்கள் நம் பெரியவர்கள். இன்றிரவே பத்திரத்தை எடுங்கள். தொகை சரியா, பாவனை சரியா, பெயர் சரியா, வெள்ளமும் மண்சரிவும் இருக்கா என்று இந்த நாலையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குப் பத்திரத்தோடு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.